டர்ன்டேபிளை மாத்துறதுக்கு முன்னாடி ஊசியைப் பாருங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம்.)

இந்த எபிசோடைப் போன வருஷமே தர்றதா சொல்லியிருந்தேன். "புது டர்ன்டேபிள் வாங்கப் போறேன், எது வாங்கினேன், ஏன் வாங்கினேன்னு சொல்றேன்" என்று பெருமையா அறிவிச்சிட்டு அப்படியே அமைதியாகிட்டேன். காரணம், வாங்கவில்லை. வாங்கப் போன இடத்தில் ஒரு விஷயம் தெரிய வந்தது. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் ரெக்கார்டு அலமாரிப் பக்கமே போகப் பிடிக்கலை. அதையும் சொல்றேன். இந்த எபிசோடில் பாதி அதுதான்.

முதலில் என் கணக்கு. கையில் இரண்டரை லட்சம் ரூபாய், இரண்டு வருஷம் சேர்த்தது. வீட்டில் இருந்தது ஒரு சாதாரண பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், ஆறு வருஷம் ஓடியது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஓரளவு நல்லவை. ரெக்கார்டு சுமார் 200. அதில் முக்கால்வாசி அப்பா வாங்கினது. ஒவ்வொரு உறையின் பின்பக்க மூலையிலும் வாங்கின தேதியை பால்பாயின்ட் பேனாவில் எழுதி வெச்சிருப்பார். அப்பா இப்போ இல்லை. தட்டுகள் இருக்கு.

ஏன் மாத்தணும்னு தோணிச்சு? 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' எல்பி. அதில் ஒரு பக்கம் முடியப்போகும் இடத்தில் வயலின் மேலே ஏறும்போது சத்தம் கிழியும். துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு 'ஸ்ர்ர்'. நான் நினைச்சது, என்னோட டர்ன்டேபிள் அவ்வளவுதான், அதால முடியலை என்று. நல்ல மெஷின் வாங்கினா சரியாகும். இந்த நினைப்போட சென்னையில் ஒரு ஹை-எண்ட் ஆடியோ கடைக்குப் போனேன். கடை பெயர் வேண்டாம்.

அங்கே முதலில் ஒரு டர்ன்டேபிளைப் போட்டுக் காட்டினாங்க. அப்புறம் அதைவிட இரண்டு மடங்கு விலையில் இன்னொண்ணு. இரண்டாவது அப்படியே ஆளைத் தூக்கிடுச்சு. பாஸ் கெட்டியா, பாடுறவர் முன்னால நிக்கிற மாதிரி. கிளம்பற நேரத்தில்தான் குனிஞ்சு பார்த்தேன், இரண்டாவதில் மாட்டியிருந்த கார்ட்ரிட்ஜ் வேற. அந்தக் கார்ட்ரிட்ஜே முதல் டர்ன்டேபிளோட மொத்த விலைக்கு வரும். அப்போ நான் கேட்டது டர்ன்டேபிளையா, கார்ட்ரிட்ஜையா? வால்யூமும் கொஞ்சம் கூட இருந்திருக்கலாம். கார்ட்ரிட்ஜுக்குக் கார்ட்ரிட்ஜ் வெளியே வர்ற சிக்னல் அளவு வேற, அதனால குமிழைத் தொடாமலே சத்தம் மாறும். கொஞ்சம் சத்தமா வர்றது நம்ம காதுக்கு எப்பவுமே நல்லா வர்ற மாதிரிதான் கேட்கும். நீங்க கடைக்குப் போனா மூணு விஷயம் கேளுங்க: அதே கார்ட்ரிட்ஜ், அதே ஃபோனோ ஸ்டேஜ், உங்க வீட்டு ரெக்கார்டு. முடியாதுன்னு சொன்னா காபி குடிச்சிட்டு வந்துடுங்க.

நான் என் ரெக்கார்டைக் கொண்டு போயிருந்தேன். அதுதான் வினையாப் போச்சு. அங்கேயும், அத்தனை லட்ச ரூபாய் மெஷின்லேயும், அதே இடத்தில் அதே 'ஸ்ர்ர்'. விற்பனையாளர் "ரெக்கார்டு பழசு மேடம்" என்று ஒரே வரியில் முடிச்சுட்டார். நான் விட்டுட்டேன். ஆனா மனசு விடலை.

சரி, இதை இங்கே நிறுத்தி வெச்சிட்டு, ஒரு டர்ன்டேபிள் என்னதான் வேலை செய்யுது, லட்சக்கணக்கில் காசு கொடுத்தா எதுக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பார்ப்போம்.

ரெக்கார்டில் இருக்கிற குரூவ், அந்தச் சுருள் பள்ளம், அகலத்தில் கிட்டத்தட்ட நம்ம தலைமுடி அளவுதான். அதன் இரண்டு சுவரும் வளைஞ்சு நெளிஞ்சு போகும். அந்த நெளிவுதான் பாட்டு. ஊசி அதில் இழுபடும்போது ஆடும். ஊசியோட மறுமுனையில் ஒரு குட்டிக் காந்தம் ஆடினா அது மூவிங் மேக்னட், எம்எம். காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் ஆடினா மூவிங் காயில், எம்சி. எம்எம் கார்ட்ரிட்ஜில் வெளியே வர்றது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். எம்சியில் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு. ஒரு சிடி பிளேயர் 2 வோல்ட் தரும். அப்படின்னா எம்எம் சிக்னலை 500 மடங்கு பெருக்கினாத்தான் சிடி அளவுக்கு வரும். பாட்டோடு சேர்ந்து வர்ற எந்தக் குப்பையும் அதே 500 மடங்கு பெருகும்.

இதில் புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான். ஊசிக்கு எது பாட்டு, எது அதிர்வு என்று தெரியாது. கார்ட்ரிட்ஜ் உடம்புக்கும் குரூவ் சுவருக்கும் நடுவில் ஏதாவது அசைஞ்சா அதைச் சத்தமா மாத்தும், அவ்வளவுதான். மோட்டார் நடுங்கினாலும், பேரிங் உரசினாலும், ஸ்பீக்கர் சத்தத்தில் மேஜை அதிர்ந்தாலும் அதுக்கு எல்லாமே பாட்டுதான். அதனால டர்ன்டேபிள் செய்யக்கூடிய உயர்ந்த சேவை என்னன்னா, எதையும் சேர்க்காம இருக்கிறது. தட்டு ஒரே வேகத்தில், நடுங்காம சுத்தணும். டோன் ஆர்ம் கார்ட்ரிட்ஜை ஆடாம பிடிச்சுக்கணும், அதே நேரம் அதை உள்நோக்கித் தடையில்லாம நகர விடணும். வெளி அதிர்வு உள்ளே வரக்கூடாது. விலை ஏற ஏற இந்த மூணுக்குத்தான் காசு. மீதி பளபளப்பு.

இதை எப்படிச் செய்யறது என்பதில்தான் கட்சி கட்சியா பிரிஞ்சு நிக்கிறாங்க.

ஒரு கட்சி ஸ்பிரிங் கட்சி. 1961இல் அமெரிக்காவில் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியின் எட்கர் வில்சர், தட்டையும் ஆர்மையும் ஒரே சட்டத்தில் வெச்சு, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்கில் தொங்க விட்டார். மோட்டார் தனியா மேலே, நடுவில் ரப்பர் பெல்ட். அந்த வழியில் வந்த பிரபலமான வாரிசு லின் சோண்டெக் எல்பி12, ஸ்காட்லாந்து கிளாஸ்கோவில் 1973இல் தொடங்கினது, இன்னைக்கும் செய்யறாங்க. அம்பது வருஷம் பழைய எல்பி12இலும் புது பேரிங்கை மாட்டலாம், அது ஒரு பெரிய விஷயம். லின்னை ஆரம்பிச்ச ஐவர் டீஃபன்ப்ரன் அந்தக் காலத்து ஆடியோ உலகத்தையே தலைகீழா புரட்டினார். ஸ்பீக்கர்தான் முக்கியம், டர்ன்டேபிள் சும்மா சுத்துற தட்டுதானேன்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தப்போ, குரூவில் இருந்து எடுக்காம விட்டதை எந்த ஸ்பீக்கரும் திரும்பத் தராதுன்னு வாதாடினார். வாதம் சரி. ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டு ஐயாயிரம் ரூபாய் ஸ்பீக்கரில் மூணு லட்ச ரூபாய் டர்ன்டேபிளை மாட்டச் சொல்றவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாவது கட்சி, கனம் வேண்டாம், லேசா விறைப்பா இருந்தாப் போதும் என்கிறது. இங்கிலாந்தின் ரேகா. கனமான பொருள் அதிர்வைச் சேர்த்து வெச்சு மெதுவா விடும், லேசான விறைப்பான பொருள் சீக்கிரம் அடங்கிடும் என்பது அவங்க வாதம். பிளானர் 8இன் உடம்பே ஒருவகை ஃபோம்தான், மேலேயும் கீழேயும் மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். கையில் தூக்கினா 'இதுக்கா இவ்வளவு காசு'ன்னு தோணும். கேட்டா தோணாது.

மூணாவது, ஜப்பானின் டெக்னிக்ஸ். பெல்ட்டே வேண்டாம், மோட்டார் தண்டின் மேலேயே தட்டு. 1970இல் எஸ்பி-10, 1972இல் எஸ்எல்-1200, 1979இல் மார்க் 2. டிஜேக்கள் கைக்குப் போனதால ஆடியோ பிரியர்கள் இதை ரொம்ப நாள் மதிக்கவே இல்லை. 2010இல் உற்பத்தியை நிறுத்தினாங்க. 2016இல் மோட்டாரை முழுசா மாத்தி வடிவமைச்சுத் திரும்பி வந்தாங்க. இப்போ இருக்கிற ஜி, ஜிஆர் வகைகள் பழைய டிஜே மெஷினைப் பார்க்க அப்படியே இருக்கும். உள்ளே இருக்கிறது வேற.

நாலாவதா ஐட்லர் வீல், 1954இல் வந்த காரார்ட் 301 மாதிரி. இதில் ரப்பர் சக்கரம் தட்டின் உள்விளிம்பை உரசிச் சுத்தும். அதுக்கு இன்னைக்கும் ஒரு பக்தர் கூட்டம் இருக்கு. ஒரு இடைச்செருகல்: அந்த காரார்ட் பெயரையும், உலகப் புகழ் பெற்ற எஸ்எம்இ ஆர்ம் கம்பெனியையும் இப்போ வெச்சிருக்கிறது ஒரு இந்தியத் தொழிலதிபரின் கேடன்ஸ் குழுமம். எஸ்எம்இ 2016இல், காரார்ட் 2018இல் அவங்க கைக்கு வந்தது. நம்ம ஊரில் நிறைய பேருக்கு இது தெரியாது.

இதில் எது சிறந்ததுன்னு கேட்காதீங்க. உங்க வீட்டுக்கு எது என்று கேளுங்க. பிரிட்டிஷ் வீடுகளில் தரை மரப்பலகை. ஒருத்தர் நடந்தா ஊசி குதிக்கும். ஸ்பிரிங்குக்கு அங்கே பெரிய வேலை இருக்கு, சுவர் அலமாரி அங்கே பிரபலமானதுக்கும் அதான் காரணம். நம்ம அபார்ட்மென்டில் கான்கிரீட் தளம், மேலே டைல்ஸ். ஸ்பிரிங்கோட அந்த அனுகூலத்தில் பாதி நமக்குத் தேவையே இல்லை. ஆனா ஸ்பிரிங் டர்ன்டேபிளை அடிக்கடி சரிபார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும். ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்காங்கன்னு முதல்ல விசாரிங்க. நம்ம வீட்டுப் பிரச்சினை வேற: தூசி, புழுக்கம், சீலிங் ஃபேன். ஃபேன் நாலில் ஓடுற ஹாலில் உட்கார்ந்து இரண்டு மெஷினோட ரம்பிள் எண்களை ஒப்பிடுறது வேண்டாத வேலை. நான் செஞ்சிருக்கேன்.

வேகத்தைப் பத்தியும் இதே மாதிரி ஒரு மயக்கம். விளம்பரத்தில் 'வாவ் அண்ட் ஃபிளட்டர்' என்று ஒரு எண் போடுவாங்க, தட்டு எவ்வளவு சீரா சுத்துது என்பதற்கு. 1979 மார்க் 2க்கே அது 0.025 சதவிகிதம். இதை இன்னும் குறைக்க சில கம்பெனிகள் லட்சக்கணக்கில் கேட்கும். இப்போ உங்க ரெக்கார்டின் நடு ஓட்டையைப் பாருங்க. அது அரை மில்லிமீட்டர் தள்ளிப்போய் குத்தப்பட்டிருந்தா, மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ள பாட்டு ஒவ்வொரு சுத்துக்கும் அரை சதவிகிதம் மேலே போய் அரை சதவிகிதம் கீழே வரும். 33⅓ வேகத்தில் ஒரு சுத்து 1.8 விநாடி. வீணை, பியானோ மாதிரி நீளமா நிக்கிற சுரங்களில் அந்த ஆட்டம் நல்லாவே கேட்கும். டர்ன்டேபிள் எண்ணைவிட இருபது மடங்கு பெரிய தப்பு, தட்டிலேயே இருக்கு. ஜப்பானின் நாகாமிச்சி 80களில் இதைத் தானாகவே சரிசெய்யற ஒரு டர்ன்டேபிளைக்கூடச் செஞ்சாங்க. நமக்கு அது கட்டுப்படியாகாது. டோன் ஆர்ம் இடவலமா ஊசலாடுதான்னு கண்ணாலேயே பார்த்துத் தெரிஞ்சுக்கலாம், அது போதும்.

கரண்ட் விஷயம் கேட்பீங்க. ஏசி மோட்டார் நேரா கரண்டில் ஓடுற மாடல்களில் வேகம் ஃப்ரீக்வென்சியைப் பிடிச்சுத்தான் போகும். நம்ம நாட்டு கிரிட் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்கணும்னு விதி. மோசமான நேரத்தில்கூட 0.2 சதவிகித வித்தியாசம். ஒரு சுரத்துக்கும் அடுத்த அரைச் சுரத்துக்கும் இடையே சுமார் 6 சதவிகிதம் என்பதால இதை விட்டுடலாம். விடக்கூடாதது இன்வெர்ட்டர். விலை குறைஞ்ச இன்வெர்ட்டர் சைன் அலை தராது. அதில் ஏசி மோட்டார் ரீங்காரம் போடும். இன்னொண்ணு, ஜப்பானிலிருந்து பழைய டர்ன்டேபிள் வரவழைக்கிறவங்க. அங்கே 100 வோல்ட், நாட்டின் ஒரு பாதியில் 50 ஹெர்ட்ஸ், மறு பாதியில் 60. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைக் குறைக்கும், ஃப்ரீக்வென்சியை மாத்தாது. 60க்கான புல்லியோட இங்கே ஓட்டினா 33⅓ சுத்து 27.8 ஆயிடும். எஸ்.பி.பி. குரலே தூக்கக் கலக்கத்தில் பாடுற மாதிரி இருக்கும்.

இப்போ ஆர்மும் கார்ட்ரிட்ஜும். இது ஒரு கல்யாணம், ஜாதகம் பார்க்கணும். ஆர்முக்கு 'எஃபெக்டிவ் மாஸ்' என்று ஒரு கனம். கார்ட்ரிட்ஜுக்கு 'கம்ப்ளையன்ஸ்', அதாவது ஊசியின் தொங்கல் எவ்வளவு மெத்துன்னு இருக்கு என்பது. இரண்டும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங்கும் எடையும் மாதிரி, தனக்குன்னு ஒரு வேகத்தில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தா நல்லது. கீழே போனா ரெக்கார்டின் கோணல்கள் அதைக் கிளப்பிவிடும், மேலே போனா பாட்டோட பாஸில் கைவைக்கும். கணக்கு சுலபம்: மொத்த எடையைக் கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதால வகுக்கணும். ஆர்ம் 12 கிராம், கார்ட்ரிட்ஜும் ஸ்குரூவும் 7.5 கிராம், கம்ப்ளையன்ஸ் 10 என்றால் 11.4 ஹெர்ட்ஸ் வரும். அருமை. அதே ஆர்மில் கம்ப்ளையன்ஸ் 30 உள்ள கார்ட்ரிட்ஜைப் போட்டா 6.6. அது எவ்வளவு நல்ல கார்ட்ரிட்ஜா இருந்தாலும் இந்த வீட்டுக்கு மருமகளா வராது. ஒரு எச்சரிக்கை: ஜப்பான் கம்பெனிகள் சில கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவாங்க. இந்தக் கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு, அது அதைவிடக் கூடுதலா இருக்கும்.

அடுத்தது, கோணம். ரெக்கார்டை வெட்டின ஊசி நேர்கோட்டில் உள்ளே நகர்ந்தது. நம்ம ஆர்ம் ஒரு முனையில் நின்னு வில் மாதிரி வளைஞ்சு போகும். இரண்டும் சரியா ஒத்துப்போறது இரண்டே இடத்தில்தான். எல்பிக்குப் பொதுவா மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும். கார்ட்ரிட்ஜை மாட்டும்போது இதுக்குன்னு உள்ள அளவுகோலை வெச்சுச் சரிபண்ணணும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் உள்பக்கத்துப் பாட்டுகளில் தெரியும். ஏன் உள்பக்கம்? வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் குரூவ் ஓடுது. கடைசிப் பாட்டில் சுமார் 21தான். அதே விநாடிப் பாட்டை பாதிக்கும் குறைவான இடத்தில் எழுதியிருக்காங்க. நெளிவுகள் நெருங்கிப் போகும். சாதாரண உருண்டை ஊசியால அந்த நெளிவுக்குள்ளே போக முடியாது. அதுக்குத்தான் எலிப்டிகல், ஷிபாட்டா, மைக்ரோலைன் என்று பக்கவாட்டில் மெலிஞ்ச ஊசிகள் வந்தது.

இங்கேதான் என் கதை திரும்ப வருது.

கடையில் கேட்ட அந்த 'ஸ்ர்ர்' மனசை விடலைன்னு சொன்னேன் இல்லையா. அப்பாவோட நண்பர் ஒருத்தர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் முப்பது வருஷம் ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். இப்போ அவர் பையன் அங்கே மொபைல் போர்டு சர்வீஸ் செய்யறார். நான் மாமான்னு கூப்பிடுவேன். என் டர்ன்டேபிளின் ஹெட்ஷெல்லைக் கழட்டி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துட்டுப் போனேன். அவர் அதை மொபைல் போர்டு பார்க்கிற மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வெச்சு, ஒரு எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் பிடிச்சார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

"எப்பம்மா ஊசி மாத்தினே?"

"மாத்தலை மாமா."

"வாங்கினதுல இருந்தேவா?"

பார்க்கச் சொன்னார். ஊசி முனையின் இரண்டு பக்கமும் கண்ணாடித் துண்டு மாதிரி பளிச்சுன்னு இரண்டு தட்டையான முகம். வளைவா இருக்க வேண்டிய இடம் தேய்ஞ்சு பட்டையா போயிருக்கு. பட்டைன்னா அதுக்கு விளிம்பு உண்டு. வைரத்தில் விளிம்பு. "இது வாசிக்கல, உளி மாதிரி செதுக்குது" என்றார்.

கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்குச் சராசரியா ஒரு மணி நேரம் கேட்பேன். ஆறு வருஷம், சுமார் 2000 மணி நேரம். என்னிடம் இருந்தது ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ, எலிப்டிகல். கம்பெனி அந்த வகை ஊசிக்குப் போட்டிருக்கிற ஆயுள் 300 மணி நேரம். முதல் வருஷம் முடியறதுக்குள்ளேயே அதன் காலம் முடிஞ்சிருக்கு. மீதி ஐந்து வருஷம் நான் அப்பாவின் ரெக்கார்டுகளைச் சீவிக்கிட்டு இருந்திருக்கேன். அதிகமா சீவினது எதைன்னா, அதிகமாப் பிடிச்சதை. பிடிக்காத தட்டுகள் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. கடையில் அந்த விற்பனையாளர் சொன்னது சரிதான், ரெக்கார்டில்தான் கோளாறு. ஆனா பழசானதால இல்லை. என்னாலதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் எதையும் போடலை. அப்புறம் மாமாவே போன் பண்ணி ஒரு விஷயம் சொன்னார். அந்த ஊசி சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தொட்டுக்கிட்டு இருந்தது, அதனால தேய்மானமும் அங்கேதான் அதிகம். மைக்ரோலைன் மாதிரி மெல்லிய நீண்ட விளிம்பு உள்ள ஊசி சுவரில் இன்னும் கீழே, இன்னும் நீளமா தொடும். தேயாத இடம் கொஞ்சம் மிச்சம் இருந்தா அதைப் படிக்கும். விஎம்95 வரிசையில் ஒரு வசதி, கார்ட்ரிட்ஜ் உடம்பு அதேதான், ஊசியை மட்டும் பிடுங்கிட்டு வேற மாட்டலாம். மைக்ரோலைன் ஊசி வாங்கினேன். என் இரண்டரை லட்சத்தில் பத்து சதவிகிதம்கூட ஆகலை.

ஒவ்வொரு ரெக்கார்டா போட்டு, கையில் நோட்டு வெச்சுக் குறிச்சேன். இதில் நாடகத்தனமா எதுவும் சொல்ல விரும்பலை. பாதிக்கு மேல நல்லா இருந்தது, பழைய சத்தத்தைவிடவே தெளிவா. 40 தட்டுகளில் கேட்டால் தெரியற சேதம். 11 தட்டு கேட்கவே முடியலை. 'ஹவ் டு நேம் இட்' அந்த 40இல் ஒண்ணு. 'ஸ்ர்ர்' குறைஞ்சிருக்கு, போகலை. அப்பாவின் பழைய மோனோ தட்டுகளில் சில, ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்தினதும் நல்லாவே தேறிச்சு. மோனோவில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கு. மேலும் கீழும் ஆடுறதெல்லாம் இரைச்சல்தான். அந்தப் பட்டன் அதை ரத்து பண்ணிடும். உங்க ஆம்ப்ளிஃபயரில் அது இருந்தா பயன்படுத்துங்க, இல்லாட்டி மோனோ பட்டன் உள்ள ஃபோனோ ஸ்டேஜ் பாருங்க.

இந்த வேலையெல்லாம் முடிஞ்ச பிறகுதான் டர்ன்டேபிள் பக்கம் திரும்பினேன். இந்த முறை கேள்வி மாறிப்போச்சு. எது நல்லா கேட்கும் என்பதைவிட, எது இந்தத் தட்டுகளைச் சேதமில்லாம வாசிக்க வசதி தரும் என்பது. என்னிடம் நாலு பாட்டு இருக்கிற சின்ன 45 ஆர்பிஎம் இபிகள் அறுபதுக்கு மேல. ரேகா பிளானர் 3இல் வேகம் மாத்தணும்னா தட்டைத் தூக்கி பெல்ட்டைப் பக்கத்துப் படிக்கு நகர்த்தணும். ஒவ்வொரு இபிக்கும் அதைச் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. பிளானர் 6இல் தனியா பவர் சப்ளை வருது, பட்டன் அழுத்தினாப் போதும். அதுவும் பிளானர் 8உம் எனக்குச் சத்தத்தில் ரொம்பப் பிடிச்சது. உண்மையைச் சொன்னா ஒரு பாட்டோட துடிப்பை அது தர்ற மாதிரி நான் கடைசியில் வாங்கினது தரலை. ஆனா ரேகா ஆர்மில் ஹெட்ஷெல்லைக் கழட்ட முடியாது. ஆர்ம் உயரத்தை மாத்தணும்னா அடியில் வளையம் வெச்சுத்தான் மாத்தணும். மெல்லிய ஊசிகள் கோணத்துக்கு அடம்பிடிக்கும், உயரம் கையில் இருக்கிறது நல்லது. எனக்கு ஸ்டீரியோவுக்கு ஒரு ஊசி, மோனோவுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், பழைய கீறல் தட்டுகளுக்கு ஒண்ணுன்னு மூணு வேணும். ஹெட்ஷெல் மாத்துற வசதி எனக்கு ஆடம்பரம் இல்லை, தேவை.

அதனால, ஒருத்தர் வீட்டில் இரண்டு வருஷம் ஓடின டெக்னிக்ஸ் 1200ஜிஆர். டைரக்ட் டிரைவ், குவார்ட்ஸ் கட்டுப்பாடு, ஆர்ம் உயரம் வளையத்தைத் திருகினா மாறும், வேகம் மாத்த பட்டன். வாங்கும்போது தட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஆர்ம் பேரிங்கில் ஆட்டம் இருக்கான்னு விரல் நுனியால மெல்ல அசைச்சுப் பார்த்தேன், 33இலும் 45இலும் பக்கவாட்டுப் புள்ளிகள் ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் நகராம நிக்குதான்னு பார்த்தேன். அதிலிருந்த ஊசியை விற்றவர் "புதுசு மாதிரிதான், கம்மியாத்தான் ஓட்டினேன்" என்றார். கழட்டி அவரிடமே கொடுத்துட்டேன். மிச்சக் காசில் ஒரு நல்ல ஃபோனோ ஸ்டேஜ், ஊசியின் எடையைப் பார்க்க ஒரு டிஜிட்டல் தராசு. மீதம் கொஞ்சம் இருக்கு, அது அந்த 11 தட்டுகளுக்கு. பழைய ரெக்கார்டு விற்கிறவங்களிடம் சொல்லி வெச்சிருக்கேன். இதுவரை மூணு கிடைச்சது.

ஒண்ணு சொல்லணும். அந்த 'ஹவ் டு நேம் இட்'டுக்கு நல்ல மறுபிரதி ஒண்ணு கிடைச்சது. புது மெஷினில், மைக்ரோலைனில், வயலின் மேலே ஏறும்போது எங்கேயும் கிழியலை. எட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த இடத்தை முழுசா கேட்டேன். அப்பாவின் பிரதியைத் தூக்கிப் போடலை. உறையின் மூலையில் தேதி இருக்கு, 14-1-87. புது தட்டை அந்த உறையிலும், பழைய தட்டை வெள்ளைக் கவரிலும் போட்டு வெச்சிருக்கேன்.

டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் இப்போ ஒரு சின்ன நோட்டு கிடக்கு. ஒவ்வொரு பக்கம் போட்டு முடிச்சதும் ஒரு கோடு. நேத்து ராத்திரி வரைக்கும் 212 மணி நேரம். மைக்ரோலைன் ஊசிக்கு 1000 மணி நேரம்னு போட்டிருக்காங்க. நான் 800இல் மாமா கடைக்கு எடுத்துட்டுப் போறதா இருக்கேன்.

அடுத்த எபிசோட் ரெக்கார்டு கழுவுறது பத்தி. பாத்திரம் தேய்க்கிற சோப்பு போடலாமான்னு கேட்டவங்க, அதுவரைக்கும் போடாதீங்க.